கிரீன் டீயும் ஆண்களின் இரத்தநாள நலமும்: நாற்பதைக் கடந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது வயதைக் கடந்த ஆண்கள் கிரீன் டீ குடிக்கத் தொடங்குவதற்கு எடையும் கொழுப்பும் மட்டுமே காரணமல்ல. வெளியே சொல்லத் தயங்கும் விறைப்புக் குறைபாடும் பலருக்குக் காரணமாக இருக்கிறது. இந்த நம்பிக்கையை முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. இரத்தநாளங்களின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும்போது நாளத் தசை தளர்ந்து, ஆண்குறிக்குள் இரத்தம் பாய்ந்து நிறைகிறது, அதுவே விறைப்பு. வயது, சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை அந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டகின்கள் என்னும் இயற்கை வேதிப்பொருள்கள், குறிப்பாக அவற்றுள் ஒன்றான இ.ஜி.சி.ஜி., உட்சுவரின் செயல்பாட்டுக்கு ஓரளவு துணைபுரிகின்றன என்பதைச் சிறிய அளவிலான மனித ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் இதிலிருந்து 'கிரீன் டீ ஆண்மைக் குறைவைத் தீர்க்கும்' என்ற முடிவுக்குத் தாவுவதுதான் முதல் தவறு. முதுமையடைந்த விறைப்புத் திசுவில் கிரீன் டீ என்ன செய்கிறது என்று போர்த்துகலின் போர்ட்டோ நகர ஆய்வாளர்கள் ஆராய்ந்தது எலிகளில். ஜப்பானின் மியாகி பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 5 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, இரத்தநாள நோய்களால் ஏற்படும் இறப்பு குறைவாக இருந்ததைக் கண்டது. அந்தப் பலன் ஆண்களைவிடப் பெண்களிடமே தெளிவாகத் தெரிந்தது. விறைப்பைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது தவறே எல்லாவற்றிலும் பெரியது: குறைபாட்டை மருத்துவரிடம் சொல்லாமல், கோப்பையை நம்பி மாதங்களைக் கடத்துவது. ஆண்குறியின் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டவை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். உடலெங்கும் ஒரே வேகத்தில் கொழுப்புப் படிந்தாலும் சிறிய நாளமே முதலில் அடைபடும் என்பதால், விறைப்புக் குறைபாடு பலரிடம் மாரடைப்புக்கோ நெஞ்சுவலிக்கோ 2 முதல் 5 ஆண்டுகள் முன்னதாகவே தலைகாட்டுகிறது. தடுப்பு மருத்துவத்தில் இவ்வளவு முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை மிக அரிது. இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவற்றைப் பரிசோதித்துப் புகையையும் நிறுத்தியிருக்க வேண்டிய காலத்தை ஒரு பானத்திடம் ஒப்படைத்துவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. கூச்சம் இயல்பானதுதான், ஆயினும் மருத்துவருக்கு இது அன்றாடம் கேட்கும் குறைகளில் ஒன்று.

தயாரிக்கும் முறையிலும் பிழைகள் நேர்கின்றன. கொதிக்கும் நீரில் இலையைப் போட்டுச் சாதாரணத் தேநீர்போலக் காய்ச்சினால் கசப்பு ஏறும். கசப்பை மறைக்க இரண்டு கரண்டி சர்க்கரையோ தேனோ சேரும். அதையே நாளுக்கு நான்கு முறை குடித்தால் நாளங்களைக் கெடுக்கும் பொருளை நாமே ஊட்டுகிறோம். 75 முதல் 80 டிகிரி சூட்டில், அதாவது கொதித்து இறக்கிச் சில நிமிடங்கள் ஆறிய நீரில், 2 அல்லது 3 நிமிடம் இலையை ஊறவைத்து வடித்தால் சர்க்கரை தேவைப்படாது. உதடு சுடும் சூட்டில் குடிப்பதும் நல்லதல்ல. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். தேயிலையின் பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன.

கோப்பை போதாதென்று கேப்சூலுக்கு மாறுவது உண்மையிலேயே ஆபத்தான தவறு. வடித்துக் குடிக்கும் தேநீரில் கிடைக்கும் அளவைப் போலப் பல மடங்கு கேட்டகின் ஒரே கேப்சூலில் அடைபட்டிருக்கக்கூடும். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி.யைத் துணைமாத்திரைகளாக எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரத்தத்தில் அதன் அளவு மேலும் கூடும். சிறுநீர் கருமஞ்சளாவது, கண் மஞ்சளாவது, காரணமற்ற களைப்பு ஆகியவை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நடோலால் என்னும் இரத்த அழுத்த மருந்தைக் கிரீன் டீ உடலில் சேரவிடாமல் பெருமளவு தடுக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் திடீரென அதிக அளவில் குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வீரியம் குறையலாம்.

'மூலிகை ஆண்மைப் பொடி' என்ற பெயரில் விற்கப்படும் கலவைகளை இதோடு சேர்த்துக்கொள்வது கடைசித் தவறு. இத்தகைய பொருள்கள் பலவற்றில் விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர் தரும் சில்டெனாஃபில் என்னும் மருந்து உறையில் குறிப்பிடாமல் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டறிந்துள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதை அறியாமல் உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியும். எனவே நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தால், கடந்த இரண்டு நாட்களில் உட்கொண்ட மாத்திரை, பொடி, லேகியம் அனைத்தையும், நைட்ரேட் தருவதற்கு முன்பே, அங்குள்ள மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.