யார் கண்ணால் பார்ப்பது, யார் வாயால் சொல்வது: கதைக்கு நோக்குநிலை அமைக்கும் முறை

கதை எழுத உட்கார்ந்ததும் ‘நான்’ என்று தொடங்குவதா, ‘அவள்’ என்று தொடங்குவதா என்று யோசிக்கிறோம். அது இரண்டாவது கேள்வி. வாசகருக்கு எது எப்போது தெரிய வேண்டும், எது கடைசிவரை தெரியக் கூடாது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தன்மையா படர்க்கையா என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ழெனெத் 1972இல் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்: பார்ப்பவர் யார், சொல்பவர் யார். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. ‘அவள்’ என்று படர்க்கையில் எழுதிக்கொண்டே ஒருத்தியின் கண்ணை விட்டு நகராமல் முழுக் கதையையும் நடத்தலாம். ‘நான்’ என்று எழுதினாலும், 12 வயதில் பார்த்தவனும் 40 வயதில் அதைச் சொல்பவனும் ஒருவனல்ல.

முதலில் ஒரு தாள்

முக்கியமான காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே, அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், எதைத் தவறாக நம்புகிறார், எதை மறைக்கிறார் என்று மூன்றே வரி எழுதுங்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று வந்தால், கோளாறு நோக்குநிலையில் இல்லை, காட்சியில் இருக்கிறது.

ஓர் உதாரணம். வீட்டை விற்கும் பத்திரத்தில் அக்கா மாலதியிடம் தம்பி கண்ணன் கையெழுத்து வாங்குகிறான். அவளுடைய பங்கைக் குறைக்கும் ஷரத்து நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதே காட்சியைச் சுமார் 200 சொற்களில் மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்.

எல்லாம் அறிந்த கதைசொல்லி: “மாலதி பேனாவை எடுத்தாள். நான்காம் பக்கத்தை அவள் படிக்கப்போவதில்லை என்பது கண்ணனுக்குத் தெரியும். அது அவனுக்கு நிம்மதியாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.”

மாலதியை ஒட்டிய படர்க்கை: “தம்பியே பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தான். கையெழுத்து போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சில் புள்ளி. எவ்வளவு பொறுப்பு! சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையைக்கூட அவள்தான் அடுக்கிக் கொடுக்க வேண்டும்.”

கண்ணனின் தன்மை: “அக்கா படித்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.”

முதலாவதில் வாசகருக்கு உடனே எல்லாம் தெரிந்துவிடுகிறது. கையெழுத்து விழுமா என்ற பதற்றம் மட்டுமே மிச்சம். இரண்டாவதில் வாசகரும் மாலதியோடு சேர்ந்து ஏமாறுகிறார், உண்மை வெளிவரும்போது அடி இருவர் மேலும் விழுகிறது. மூன்றாவதில் ஏமாற்று வேலை மறைவாகவே இல்லை. அதற்கு அவன் கட்டும் நியாயம்தான் கதை. சம்பவம் ஒன்று, கதைகள் மூன்று. எது உங்கள் கதை என்பதை இந்தப் பயிற்சி ஒரு மாலையில் காட்டிவிடும். 40 பக்கம் எழுதிய பிறகு கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

வினைமுற்றும் உறவுப் பெயரும்

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு கண்ணியும் இருக்கின்றன. ‘வந்தான்’, ‘வந்தார்’ என்ற விகுதியே சொல்பவரின் மரியாதையைக் காட்டிக்கொடுத்துவிடும். மகளை ஒட்டிய படர்க்கையில் “அப்பா உள்ளே வந்தார்” என்று எழுதினாலே போதும், கண் யாருடையது என்பது புரிந்துவிடும். ‘அவளுடைய அப்பா’ என்று எழுதினால் கதைசொல்லி ஓர் அடி பின்னே நகர்ந்துவிடுகிறார். அடுத்த பத்தியில் அதே மனிதர் பெயரோடு, ‘வந்தான்’ என்ற விகுதியோடு தோன்றினால், வாசகர் இன்னொரு மண்டைக்குள் தூக்கிப் போடப்படுகிறார். எனவே எழுதத் தொடங்கும் முன்பே ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள்: இந்தக் கண்ணுக்கு யார் யார் ‘அவன்’, யார் யார் ‘அவர்’, யாரை எந்த உறவுப் பெயரால் குறிப்பிடுவது. மரியாதை கதையின் நடுவில் உடைய வேண்டுமானால், ‘அவர்’ ‘அவன்’ ஆகும் அந்த ஒரு வரியே பெரிய சம்பவம். அதை அலட்சியத்தில் வீணாக்கக் கூடாது.

‘என்று நினைத்தாள்’, ‘என்று தோன்றியது’ ஆகியவற்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு ‘என்று’வும் வாசகருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் கதைசொல்லியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. “தம்பி எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறான் என்று மாலதி நினைத்தாள்” என்பதைவிட, “தம்பிக்கு எதற்கு இவ்வளவு அவசரம்?” என்பது நெருக்கம். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் அந்தச் சட்டகம் தேவைப்படாது. ‘தன்’ வரும் வாக்கியங்களில் கூடுதல் கவனம் வேண்டும். “கண்ணன் தன்னை ஏமாற்றுகிறான் என்று மாலதிக்குப் பட்டது” என்பதில் ஏமாறுவது மாலதியா, கண்ணன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறானா? சட்டகத்தை எடுத்துவிட்டால் குழப்பமும் போய்விடும்.

‘நான்’ சொல்லும் கதை

தன்மையில் எழுதும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: நடந்து எவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், ஏன் இப்போது சொல்கிறார். முதல் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் 12 வயதுச் சிறுவன் ‘சமூகக் கட்டமைப்பு’ என்று பேசத் தொடங்குவான். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் இல்லாவிட்டால் இன்னும் மோசம். முடிவு தெரிந்த கதைசொல்லி அதை வாசகரிடமிருந்து மறைத்தால் வெறும் தந்திரமாகத் தெரியும். யாரிடமோ மறைக்க அவருக்கே ஒரு காரணம் இருந்தால்தான் அந்த மறைப்பு செல்லும்.

நம்ப முடியாத கதைசொல்லி என்ற கருத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத், 1961இல். பலருக்கும் இந்த வகை மீது ஆசை, சிலருக்கே கைவருகிறது. பொய் சொல்ல வைப்பது சுலபம், பொய் என்று வாசகருக்கு எட்ட வைப்பதுதான் வேலை. கதைசொல்லியின் விளக்கத்துக்கு மாறாகப் பேச இன்னொரு வழி வேண்டும். அதற்கு உரையாடல்தான் சிறந்த இடம். மற்றவர்கள் பேசியதைக் கண்ணன் அப்படியே திருப்பிச் சொல்லட்டும், அதற்கு அவன் தரும் அர்த்தம் மட்டும் கோணலாக இருக்கட்டும். முதல் விரிசலைக் கதையின் கால் பாகத்துக்குள் காட்டிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் காட்டினால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

‘நாங்கள்’ என்று ஓர் ஊரோ கூட்டமோ சொல்லும் கதையில் வாசகர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்று மாற்றினால் அவரும் கூட்டத்தில் ஒருவர், குற்றத்திலும் பங்காளி. முன்னிலையில் ‘நீ’ என்று எழுதுவது சில பக்கங்களுக்கு நன்றாக இருக்கும், நீண்டால் சலிக்கும்.

ஒழுகல் பார்க்கும் வாசிப்பு

முதல் பிரதி முடிந்ததும் நோக்குநிலைக்காக மட்டும் ஒரு முறை படியுங்கள். பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒவ்வொன்றையும் அடிக்கோடிடுங்கள். வழக்கமாகச் சிக்குபவை: தன் முகம் சிவந்ததைத் தானே காண்பது, எதிரே இருப்பவரின் எண்ணத்தை உறுதியாகச் சொல்வது, முதுகுக்குப் பின்னால் நடந்ததை விவரிப்பது, கண்ணாடி முன் நின்று தன் உருவத்தை வர்ணிப்பது. கடைசியில் சொன்னது தவறல்ல, தேய்ந்துபோன வழி, அவ்வளவே. சரிசெய்யப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: உறுதியை அறிகுறியாக மாற்றுவது. “கண்ணனுக்குப் பயம்” என்பது “கண்ணன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்” என்று ஆகும்.

ஒரே காட்சிக்குள் ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்குத் தாவ வேண்டுமானால் எல்லாம் அறிந்த கதைசொல்லியை முதல் பக்கத்திலேயே நிறுவிவிடுங்கள். அங்கேயே இரண்டு பேரின் மனத்துக்குள் போய் வந்தால் வாசகர் விதியைப் புரிந்துகொள்வார். பத்துப் பக்கம் ஒருவரோடு இருந்துவிட்டுப் பதினோராவதில் தாவினால் பிழை என்றே படும். ஒட்டிய படர்க்கையில் ஆள் மாற, இடைவெளி விட்டுப் புதுக் காட்சியில் மாறுங்கள். புதியவரின் பெயரோ அவர் மட்டுமே கவனிக்கக்கூடிய ஏதோ ஒன்றோ முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வரட்டும்.

தவறான ஆளைத் தேர்ந்துவிட்டோம் என்று பாதியில் தெரிந்தால் ‘அவள்’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கி விகுதிகளைத் திருத்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பழைய கண் பார்த்த பொருள்களும் அதன் வரிசையும் அப்படியே தங்கிவிடும், புதிய ஆள் இரவல் சட்டையில் நடமாடுவார். பழைய பிரதியை மூடிவைத்துவிட்டு, அதே காட்சியைப் புதியவர் முதலில் எதைக் கவனிப்பார் என்பதிலிருந்து நினைவிலேயே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு பழையதைத் திறந்து, விட்டுப்போன தகவல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.