சுரங்கத் தலத்தின் நிலமும் நீரும்: விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுரங்கத் தலத்தைப் பற்றிய விவரணைகளில் மிகுதியாகக் காணப்படும் தவறு, ஆண்டைக் குறிப்பிடாமல் நிலத்தை வர்ணிப்பதே. "நிலம் தெற்கு நோக்கிச் சரிகிறது" என்ற வாக்கியம் தோண்டுவதற்கு முந்தைய நிலத்தைச் சொல்கிறதா, இன்றைய குழியையும் கழிவு மேட்டையும் சேர்த்துச் சொல்கிறதா என்பது படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். பலரும் பயன்படுத்தும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் வழியே அளக்கப்பட்டது. அதற்கு முன்பே சுரங்கம் தொடங்கியிருந்தால், கழிவு மேடு அந்தத் தரவில் இயற்கைக் குன்றைப் போலவே தெரியும். அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அது காட்டும் உயரம் தரையினுடையதும் அன்று.

ஜி.பி.எஸ். கருவி அடிப்படையில் கணக்கிடுவது பூமியின் வடிவத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும் ஒரு கணித நீள்கோளத்திலிருந்து உள்ள உயரத்தை. அதைத் திருத்தாமல் கடல்மட்ட உயரம் என்று எழுதினால், இலங்கைக்குத் தெற்கே அந்தப் பிழை 100 மீட்டரைத் தாண்டும்.

வடிகாலைப் பற்றி எழுதுவோர் குத்தகை எல்லைக் கோட்டோடு நின்றுவிடக் கூடாது. மேலே எவ்வளவு நிலத்தின் மழைநீர் இத்தலத்துக்குள் இறங்குகிறது, குழியிலிருந்து இறைக்கப்படும் நீர் எந்த ஓடையில் விடப்படுகிறது என்ற இரண்டையும் சொல்லாத விவரணை பயன்படாது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையை விட்டுவிடுவதும் பெரும் பிழை. கரையோரப் புதர்களில் சிக்கிய சருகும் குச்சியும் வெள்ளம் எந்த உயரம் வரை ஏறியது என்பதை அப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். ஓடைகளை வரிசைப்படுத்தும்போது (கிளை ஓடை சேராதது முதல் வரிசை, இரண்டு முதல் வரிசை ஓடைகள் சேர்ந்தால் இரண்டாம் வரிசை என்றவாறு) வரைபட அளவையைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் 1:50,000 வரைபடத்தில் முதல் வரிசையாகத் தெரியும் ஓடை 1:10,000 வரைபடத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையாகிவிடலாம்.

பழைய பாசனத்துக்குத்தான் பெரும்பாலும் ஒற்றை வரி ஒதுக்கப்படுகிறது, அதுவும் "தற்போது பாசனம் இல்லை" என்று. என் கருத்தில், இதுவே மிகவும் வருந்தத்தக்க குறை. பாதி வண்டலில் புதைந்த மதகுக் கல்லும், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நெடுந்தூரம் வளைந்து செல்லும் பள்ளமும் அங்கே ஒரு காலத்தில் நீர் பங்கிடப்பட்டதற்கான சாட்சிகள். அவற்றை நிலத்தில் நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு, 1995-இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட கொரோனா எனும் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களில், இன்று மண்மூடிப்போன பல வாய்க்கால்களையும் ஏரிக்கரைகளையும் அடையாளம் காணலாம்.

தூர்ந்த வாய்க்காலின் மணற்படுகை மழைக்காலத்தில் நீரைக் குழிச்சுவரின் பின்புறம் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். அவ்வாறு ஊறும் நீரின் அழுத்தம் சுவர் சரிவதற்கு ஒரு காரணமாகும். அந்த வாய்க்கால் இன்னும் கீழே உள்ள வயல்களுக்கு நீர் தருகிறதா என்பதையும் விசாரித்து எழுத வேண்டும்.

கிணறுகள் வற்றியதற்கான காரணத்தையும் அவசரப்பட்டு எழுதக் கூடாது. சுரங்கத்தில் நீர் இறைப்பதால் சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் தாழும் என்பது உண்மை. ஆனால் ஏரி தூர்ந்து பாசனம் நின்று, நிலத்துக்குள் நீர் ஊறுவது அதற்கு முன்பே குறைந்திருக்கவும் கூடும். ஆகவே கிணறு எந்த ஆண்டு வற்றியது, இறைப்பு எந்த ஆண்டு தொடங்கியது என்பதை அருகருகே வைத்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்த நீர்மட்டங்களை அளந்த தேதியுடன் தர வேண்டும்.