ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லையா? அந்தச் சின்ன ஊசியை முதலில் பாருங்கள்

போன குளிர்காலம் தொடங்கியபோது மகளின் அறையில் இருந்த ரேடியேட்டர் சூடாகவே இல்லை. கூடத்தில் சூடு, எங்கள் அறையில் சூடு, குளியலறையில் கை வைக்க முடியாத சூடு. அவள் அறையில் மட்டும் இரும்பு சில்லென்று கிடந்தது. இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். நான் மூன்று நாள் விடாமல் அந்த ரேடியேட்டரில் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. நாலாம் நாள் பாய்லரே நின்றுவிட்டது.

கோளாறு இருந்த இடம் வால்வுக்குள் இருக்கும் ஓர் ஊசி. தீக்குச்சி அளவுக்குத்தான் தடிமன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மூன்று நாள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியாக வீடு முழுவதும் சுற்றிவரும் அமைப்புக்குத்தான் இது பொருந்தும். நீராவியில் ஓடும் பழைய ரேடியேட்டரோ, மின்சாரத்தில் ஓடும் எண்ணெய் ரேடியேட்டரோ என்றால் இதைச் செய்யாதீர்கள். பல குடும்பங்களுக்குப் பொதுவான பாய்லர் உள்ள கட்டடம் என்றால் தண்ணீரைத் திறப்பதற்கு முன் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். பாய்லரின் மூடியை மட்டும் யாரும் கழற்றவே கூடாது. அது உரிமம் பெற்றவர் வேலை.

எங்கே குளிர்ந்திருக்கிறது?

ஹீட்டிங்கைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் புறங்கையால் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். குழாய் சுட்டுவிடும், அதனால் சட்டென்று தொட்டு எடுங்கள்.

அடிப்பக்கம் சூடாகவும் மேல்பக்கம் குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. மேலே சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் குளிர்ச்சி என்றால் கசடு படிந்திருக்கிறது. வீட்டில் எல்லா ரேடியேட்டருமே குளிர்ந்து கிடந்தால் சிக்கல் ரேடியேட்டரில் இல்லை. பாய்லர், பம்ப், தண்ணீர் அழுத்தம், டைமர் இவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் சூடாக இருந்து, ஒன்று மட்டும் மேலிருந்து கீழ்வரை முழுக்கக் குளிர்ந்திருந்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான். காற்று அடைத்தாலும் பெரும்பாலும் அடிப்பக்கமாவது கொஞ்சம் சூடாகும். என் மகள் அறையில் அடிப்பக்கமும் சில்லென்றுதான் இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

குழாய் வால்வு வரை சூடாக இருந்து, வால்வைத் தாண்டியதும் குளிர்ந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஓட்டம் நின்று நாளாகியிருந்தால் குழாயே ஆறிப்போயிருக்கும். அதனால் குழாய் குளிர்ந்திருக்கிறது என்பதற்காக வால்வை விட்டுவிடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பழைய துண்டு, ஒரு கிண்ணம், ஒரு சிறு ஸ்பேனர், சிலிக்கான் ஸ்ப்ரே, காற்றுத் திருகுக்கான சாவி. காற்றுத் திருகு என்பது ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் உள்ள, காற்றை வெளியே விடும் சிறு திருகு. சாவி மட்டும் பித்தளையில் வாங்குங்கள். மெல்லிய கலப்பு உலோகத்தில் வரும் சாவி ஒரு இறுகிய திருகைப் பார்த்தாலே முனை மழுங்கிவிடுகிறது. திருகின் சதுரத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. துரு நீக்கும் எண்ணெயைவிடச் சிலிக்கான் ஸ்ப்ரேதான் எனக்குப் பிடிக்கும். எண்ணெய் சில வகை ரப்பர் வளையங்களை உப்ப வைக்கும், சிலிக்கான் அப்படிச் செய்வதில்லை.

ஊசி

ரேடியேட்டரின் ஒரு பக்கத்தில் எண் போட்ட திருகுதலை இருக்கும். அதற்குள் மெழுகோ திரவமோ அடைத்த சிறு குப்பி உண்டு. அறை சூடானால் அது விரிந்து கீழே உள்ள ஊசியை அழுத்தும், வால்வு மூடும். அறை குளிர்ந்தால் சுருங்கும், ஊசிக்கு அடியில் உள்ள சுருள்வில் ஊசியை மேலே தள்ளும், வால்வு திறக்கும். கோடை முழுவதும் அறை சூடாகவே இருப்பதால் மாதக்கணக்கில் ஊசி அமுங்கியே கிடக்கிறது. உள்ளே படிந்த உப்பும் காய்ந்த ரப்பரும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. குளிர் வந்து தலை விட்டுக்கொடுத்தாலும் ஊசி எழுந்து வருவதில்லை. தலையை நீங்கள் 5-ல் வைத்தாலும் ஒன்றுதான், 1-ல் வைத்தாலும் ஒன்றுதான்.

முதலில் தலையைக் கடைசி எண் வரை திருப்புங்கள். அப்போதுதான் அது ஊசியை அழுத்தாமல் தளர்ந்து நிற்கும். அப்புறம் அடியில் உள்ள வளையத்தைக் கையாலேயே இடப்புறமாகத் திருகுங்கள், தலை கழன்று வந்துவிடும். சில தலைகளில் வளையத்துக்குப் பதில் கிளிப்போ சிறு திருகோ இருக்கும். தண்ணீர் வராது, பயப்படாதீர்கள். தலைக்கும் தண்ணீருக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இப்போது பித்தளை வால்வின் நடுவில் ஊசி தெரியும். உடனே அதைத் தொட வேண்டாம். நன்றாகச் சூடாகும் இன்னொரு ரேடியேட்டரின் தலையையும் கழற்றி அந்த ஊசியைப் பாருங்கள். அதே வகை வால்வு என்றால் இந்த ஒப்பீடு போதும். எங்கள் அறையில் ஊசி சில மில்லிமீட்டர் எழும்பி நின்றது. ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அழுத்தினால் உள்ளே போய், கையை எடுத்ததும் துள்ளி எழுந்தது. மகள் அறையில் ஊசி கிட்டத்தட்ட பித்தளையோடு பித்தளையாக அமுங்கிக் கிடந்தது. அழுத்தினேன், கல்லை அழுத்தியதுபோல இருந்தது. மூன்று நாளாகத் தேடியது அதுதான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

ஊசியின் அடியில் சிலிக்கான் ஸ்ப்ரேயை லேசாக அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். திருப்புளியின் பிடியால் பித்தளை உடலின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். ஊசியின் தலையில் தட்டக் கூடாது. அப்புறம் ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் நேராக அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள். அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் போதும், அது விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பொறுமையாகத் தொடருங்கள். எனக்கு இருபது முப்பது அழுத்தல் ஆனது. முதலில் மெல்ல எழுந்தது, பிறகு பாதி, அப்புறம் டக்கென்று முழுதாக எழுந்து நின்றது. உடனே ரேடியேட்டருக்குள் சளசளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். விரலுக்கு அடியில் சூடு ஏறி ஏறிப் போனது. மகளைக் கூப்பிட்டு அவள் கையையும் வைக்கச் சொன்னேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறடால் ஊசியைப் பிடித்து வலுவாக இழுக்கச் சொல்லிப் பலர் காட்டுகிறார்கள். வேண்டாம். சில வால்வுகளில் ஊசி முழுசாகக் கையோடு வந்துவிடும். பின்னாலேயே சூடான தண்ணீர் பீறிட்டு அடிக்கும். எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை என்றால், குறடால் மெதுவாகப் பிடித்துப் பக்கவாட்டில் கொஞ்சம் திருகிக் கொடுக்கலாம், அதற்கு மேல் போகாதீர்கள். வால்வை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

தலையை மாட்டும்போதும் கடைசி எண்ணிலேயே வைத்து மாட்டுங்கள். வளையத்தைக் கையால் இறுக்கினால் போதும்.

(பின்னர் சேர்த்தது: தலை இல்லாதபோது சூடாகிறது, மாட்டினால் ஆறிவிடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் தலையை 2-ல் வைத்து மாட்டியிருந்தார். இன்னொருவர் வீட்டில் கனத்த திரைச்சீலை தலையை மூடியிருந்தது. திரைக்குள் தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு தலை வால்வை மூடிக்கொண்டே இருந்திருக்கிறது.)

மறுமுனை வால்வு

ஊசி நன்றாகத் துள்ளுகிறது, ஆனாலும் சூடு இல்லையா? ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் தொப்பி போட்ட இன்னொரு வால்வு இருக்கிறது. லாக்‌ஷீல்டு என்பார்கள். சுவருக்கு வண்ணம் அடிக்க ரேடியேட்டரை இறக்கியவர்கள் இதை மூடிவிட்டு மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. தொப்பியை எடுத்துவிட்டு ஸ்பேனரால் இடப்புறம் திருப்பினால் திறக்கும். எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள்.

காற்றைத் திறக்க வேண்டுமென்றால்

மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால்தான் இது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிடுங்கள். சாவியைப் போட்டுக் கால் சுற்று இடப்புறம் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும், பிறகு துப்பித் துப்பித் தண்ணீர், பிறகு சீரான தண்ணீர். உடனே மூடிவிடுங்கள். திருகை முழுதாகக் கழற்றிவிடக் கூடாது. பக்கத்தில் நெருப்பும் கூடாது. உள்ளே இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜனும் உண்டாகும், சில சமயம் வெளியே வருவது அதுதான். வாராவாரம் திறக்க வேண்டியிருந்தால் அரிப்போ கசிவோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். மூடிய அமைப்பில் (மாடியில் திறந்த தண்ணீர்த் தொட்டி இல்லாதது), ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இது இறங்கும். அதனால்தான் என் பாய்லர் நாலாம் நாள் நின்றது. நான் மானியைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் நிரப்பும் குழாயின் வால்வை மெதுவாகத் திறந்து, முள் 1.3 அளவுக்கு வந்ததும் இறுக மூடுங்கள். இரண்டு வால்வு இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். திறந்தபடி விட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், வழக்கமாக 3 பாரில் பாதுகாப்பு வால்வு தண்ணீரை வெளியே தள்ளும்.

(பின்னர் சேர்த்தது: திருகைத் திறந்தால் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றார் ஒருவர். அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கலாம், அல்லது திருகின் துளையில் பழைய பெயின்ட் அடைத்திருக்கலாம். மானியைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.)

கடைமடை ரேடியேட்டர்

வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை முழுக்கத் திறந்து வைத்தால் கடைமடை காயும் இல்லையா, இங்கேயும் அதே கதைதான். பாய்லருக்கு அருகில் உள்ள ரேடியேட்டர் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொள்ள, கடைசி அறை வெதுவெதுப்போடு நின்றுவிடும். எல்லாத் தலைகளையும் கடைசி எண்ணில் வையுங்கள், எல்லா லாக்‌ஷீல்டையும் திறங்கள். ஆறிய நிலையிலிருந்து ஹீட்டிங்கைப் போட்டு எது முதலில் சூடாகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதின் லாக்‌ஷீல்டை முழுக்க மூடிக் கால் சுற்று மட்டும் திறங்கள். அடுத்ததை இன்னும் கொஞ்சம் அதிகமாக. கடைசியை முழுக்கத் திறந்தே விடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும், அதனால் ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருந்தால் பளபளக்கும் செப்புக் குழாயை நேரடியாக அளக்காதீர்கள், குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப்பைச் சுற்றி அதன்மேல் அளந்து பாருங்கள்.

கசடு

திறந்தபோது வந்த தண்ணீர் மையாகக் கறுத்திருந்தால் அதில் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். கறுப்புச் சேறு காந்தத்தில் ஒட்டினால் அது மேக்னடைட், ரேடியேட்டரின் இரும்பே அரித்துக் கரைந்தது. ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவ வேண்டும், அரிப்புத் தடுப்பு மருந்தும் ஊற்ற வேண்டும். தனியாக இதில் இறங்காதீர்கள். தண்ணீரோடு ஒரு ரேடியேட்டரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

(கடைசியாகச் சேர்த்தது: ஊசியை விடுவித்த பிறகு அதன் அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது என்று ஒருவர் கேட்டார். ஊசியைச் சுற்றி இறுக்கும் நட்டு உங்கள் வால்வில் இருந்தால் அதை மிகக் கொஞ்சமாக, எட்டில் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். நட்டு இல்லை, அல்லது இறுக்கியும் நிற்கவில்லை என்றால் உள்ளே ரப்பர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். கோடை வந்ததும் எல்லாத் தலைகளையும் 5-ல் வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறந்து விடுங்கள். இந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லா ஊசியும் முதல் நாளே எழுந்துவிட்டன.)