மைக்ரோஸ்கோப்பில் 'எத்தனை மடங்கு' என்று மட்டும் பார்க்காதீர்கள்

லேபில் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அக்கா, நம்முடையது 1000 மடங்குதானே? ஆன்லைனில் 2000 மடங்கு காட்டுவது கிடைக்கிறது, வாங்கிவிடட்டுமா?" நான் படித்து முடித்த புதிதில் செய்த அதே தவறு. வாங்காதே என்று அவனிடம் சொன்ன காரணத்தைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன். கூடவே, பலரும் செய்யும் வேறு சில தவறுகளையும் சேர்க்கிறேன். லென்ஸைக் கண்ட துணியால் துடைக்காதே, 40எக்ஸில் (40 மடங்கு லென்ஸில்) பெரிய குமிழைத் திருகாதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிதாக்கினால் தெளிவாகிவிடும் என்று நம்புவது

உருப்பெருக்கம் வெறும் பெருக்கல் கணக்கு. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 10, கீழே உள்ள அப்ஜெக்டிவ் 40 என்றால் 400 மடங்கு. அப்ஜெக்டிவ் 100 என்றால் 1000. ஐபீஸை 20க்கு மாற்றினால் 2000 ஆகிவிடும். இந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

அப்போது மலேரியா ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பணு சுமார் 7.5 மைக்ரான் அகலம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). அதற்குள் மோதிரம் போல ஒரு நீல வளையம், வளையத்தில் ஒட்டிய சிவப்புப் புள்ளி, இதுதான் மலேரியா கிருமி. ஒரே வளையத்தில் இரண்டு புள்ளி இருந்தால் ஃபால்சிபாரம் வகை மலேரியா என்ற சந்தேகம் வலுக்கும். எனக்கோ அது ஒன்றா இரண்டா என்றே பிரியவில்லை. கைக்காசு போட்டு ஒரு ஜோடி 20எக்ஸ் ஐபீஸ் வாங்கி மாட்டினேன். அதே மங்கல், இப்போது இரண்டு மடங்கு பெரிதாக. வெளிச்சம் கால்வாசி ஆனது. தெரியும் இடமும் சுருங்கிவிட்டதால் ஒரு ஸ்லைடை முடிக்க வெகுநேரம் பிடித்தது.

சீனியர் வந்து பழைய ஐபீஸையே மாட்டச் சொன்னார். கண் கூசுகிறது என்று நான், ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கி, அதில் ஒளி வரும் திறப்பான ஐரிஸையும் மூடி வைத்திருந்தேன். அவர் கண்டென்சரை மேலே ஏற்றினார், ஐரிஸைத் திறந்தார், விளக்கை மட்டும் கொஞ்சம் குறைத்தார். அப்புறம் பார்த்தால் இரண்டு புள்ளிகள், நடுவில் மயிரிழை இடைவெளி. எதுவும் ஒரு மடங்குகூடப் பெரிதாகவில்லை.

அப்ஜெக்டிவின் மேல் 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 1.25 என்று இருக்கும். அதுதான் என்.ஏ. (நியூமெரிக்கல் அபர்ச்சர்). பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு அகலமாக அள்ளுகிறது என்பதன் அளவு. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே இதை விளக்கிவிட்டார். 1.25 என்.ஏ. லென்ஸில், பச்சை ஒளியில், சுமார் 0.27 மைக்ரானைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். கண்டென்சரை இறக்கி ஐரிஸை மூடினால் இந்தத் திறனும் குறைந்துபோகும். அப்ஜெக்டிவ் பிரித்துக் கொடுக்காததை எந்த ஐபீஸாலும் பிரிக்க முடியாது. என்.ஏ.வை 500ஆலும் 1000ஆலும் பெருக்கிப் பாருங்கள். பயனுள்ள உருப்பெருக்கம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். 1.25க்கு 625 முதல் 1250 வரை. பிள்ளைக்கு வாங்கித்தர வரும் பெற்றோரிடம் பெட்டியில் 2000 என்று அச்சடித்து விற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பணத்துக்கு நல்ல அப்ஜெக்டிவ் உள்ள 400 மடங்குக் கருவி வாங்கலாம்.

100எக்ஸை எண்ணெய் இல்லாமல் பார்ப்பது

காற்றில் எந்த லென்ஸின் என்.ஏ.வும் 1ஐத் தாண்டாது. கண்ணாடிக்கு நிகராக ஒளியை வளைக்கும் எண்ணெய் ஒரு சொட்டு இடையில் இருந்தால்தான் அந்த 1.25 கிடைக்கும்.

எண்ணெய் வைத்தபின் 40எக்ஸுக்குத் திருப்புவது

கூடவே கூடாது.

போட்டோவின் கீழே '400 மடங்கு' என்று எழுதுவது

போனில் எடுத்த படத்தை விரலால் விரித்தாலே அந்த எண் பொய்யாகிவிடும். இத்தனை மைக்ரான் நீளம் என்று காட்டும் அளவுகோடு ஒன்றைப் படத்திலேயே போடுங்கள். கோடு போட வசதி இல்லையென்றால் தெரியும் வட்டத்தின் அகலத்தையாவது எழுதுங்கள். ஐபீஸில் 10எக்ஸுக்குப் பக்கத்தில் 18 என்று இருந்தால், அதை அப்ஜெக்டிவின் எண்ணால் வகுக்க வேண்டும். 40எக்ஸில் 0.45 மில்லிமீட்டர். சிவப்பணுக்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வரிசையாக அடுக்கினால் சுமார் 60 பிடிக்கும்.