சரக்கு ட்ரெயிலரைக் கேம்பராக மாற்றுகிறீர்களா? திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரக்கு ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் சின்னக் குசினியும் வைத்து, டபுள் கப்பின் பின்னால் கொழுவிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் லேசில் போகாது. நிலாவெளியில் இரண்டு நாள், திரும்பும் வழியில் கன்னியா, பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் புல்மோட்டை வரை. நல்ல ஆசைதான். ஆனால் செய்முறை படிக்க நாம் பார்ப்பதெல்லாம் அமெரிக்கா, கனடாக்காரர்களின் வீடியோக்கள். அவர்கள் குளிருக்குப் பயந்து கட்டுகிறார்கள். நாம் பயப்பட வேண்டியது கச்சான் காற்றடிக்கும் மாதங்களின் வெயிலுக்கும், உப்புக்காற்றுக்கும், மாரி மழைக்கும். அங்கே சரியாக இருக்கிற பல வேலைகள் இங்கே பிழையாகிப்போவது இதனால்தான்.

முதல் தவறு பெட்டியைத் தெரிவதிலேயே நடக்கிறது. நான்கு பக்கமும் மூடிய சரக்கு ட்ரெயிலர் இங்கே சுலபமாகக் கிடைக்காது. அதனால் சிலர் உழவு இயந்திரத்தின் பெட்டியை எடுத்து அதன்மேல் அறை கட்டப் பார்க்கிறார்கள். வேண்டாம். அது வயலுக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் செய்யப்பட்டது. பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. கந்தளாய் வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் இழுத்தால் குலுக்கம் முழுவதும் நேராக வெல்டிங் மூட்டுகளுக்குப் போகும், அலுமாரியின் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். இன்னொரு வழி, மீன் ஏற்றிய பழைய கூலர் லொறியின் பெட்டி. சுவருக்குள் ஏற்கெனவே ஃபோம் இருப்பதால் வெப்பத்துக்கு அருமையானது. ஆனால் தரையை மிதித்துப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அந்த ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. எடையும் கூடியிருக்கும், மீன் வாடையும் எந்தப் பெயின்ற் அடித்தாலும் போகாது. அப்படிப்பட்டதை மலிவு என்று வாங்காதீர்கள்.

எடை விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் தவறு இங்கேதான் இருக்கிறது. ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொழுவியில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெயிலர் பாம்புபோல வளைந்து ஆடத் தொடங்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். தண்ணீர் நிரப்பாமல் உங்கள் கேம்பர் 840 கிலோ, கொழுவியில் 100 கிலோ இறங்குகிறது. 12 சதவீதம், நல்லது. இப்போது பின்சுவரோரம், சக்கர அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் பின்னால் வைத்த தாங்கியில் 60 லீற்றர் தண்ணீர் நிரப்புகிறீர்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. கொழுவி அச்சிலிருந்து இரண்டரை மீற்றர் முன்னால் இருக்கிறது என்றால், அந்த 60 கிலோ கொழுவியை 36 கிலோ மேலே தூக்கிவிடும். மிச்சம் 64 கிலோ. மொத்தம் 900 ஆகிவிட்டதால் இப்போது 7 சதவீதம்தான். பெட்டிக்குள் ஒரு ஆணிகூட இடம் மாறவில்லை, ஆனால் வீதிக்குப் போகத் தகுதியில்லாத ட்ரெயிலர் ஆகிவிட்டது. தண்ணீர்த் தாங்கியை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ வையுங்கள்.

கொழுவி எடையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உடல் எடை பார்க்கும் தராசு, உறுதியான பலகை ஒன்று, குழாய்த்துண்டு இரண்டு போதும். பலகையின் ஒரு முனையைத் தரையில் தராசின் உயரத்துக்கு வைத்த செங்கல்லின் மேல் ஒரு குழாயிலும், மறுமுனையைத் தராசின் மேல் இன்னொரு குழாயிலும் தாங்குங்கள். இரண்டு குழாய்க்கும் இடையே மூன்று அடி. செங்கல் பக்கத்திலிருந்து சரியாக ஒரு அடியில் ட்ரெயிலரின் முன்முனையை ஒரு முட்டுக்கட்டையால் இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொழுவி எடை. ட்ரெயிலர் மட்டமாக நிற்க வேண்டும், சாமான் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். மொத்த எடையை நெல் ஆலையிலோ பழைய இரும்புக் கடையிலோ உள்ள எடைப்பாலத்தில் பார்க்கலாம்.

ஓடும்போது ட்ரெயிலர் ஆடத் தொடங்கிவிட்டால் பிரேக்கை அழுத்தவே கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பவும் கூடாது. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். ஹபரண வீதியில் பஸ் முந்திக்கொண்டு போகும்போது வரும் காற்றடியே இதைத் தொடக்கிவைக்கப் போதும். வாகனத்தின் பின்னால் இருக்கும் கொழுவிப் பந்தும், அதன்மேல் பூட்டும் ட்ரெயிலரின் கப்ளரும் ஒரே அளவா என்றும் பாருங்கள். 2 அங்குலக் கப்ளரை 1⅞ அங்குலப் பந்தில் மாட்டினால் பூட்டியது போலத்தான் தெரியும், முதல் பெரிய பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கீழே குறுக்காகப் போடுங்கள்.

எடை கூடுவதற்கு இன்னொரு காரணம் வீட்டு அலுமாரிப் பலகை. 18 மில்லிமீற்றர் மெலமைன் பலகை எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ. தச்சுவேலை செய்பவருக்குப் பழக்கமானது அதுதான், மலிவும்கூட. ஆனால் மாரியில் ஒருமுறை ஓரம் நனைந்தால் ஊதி உதிர்ந்துவிடும். 9 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் அதன் எடையில் பாதிகூட இல்லை. ஓரங்களுக்கு எல்லாம் பெயின்ற் அடித்து மூடினால் பல வருடம் நிற்கும்.

அடுத்தது வெயில். இரும்புப் பொக்ஸ்பாருக்கு (சதுரக் குழாய்ச் சட்டம்) இடையில் ரெஜிபோம் (வெள்ளை ஃபோம்) அடைத்து, மேலே பலகை அறைந்துவிட்டால் வெப்பம் வராது என்று நினைக்கிறார்கள். வைகாசி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போய், கூரைப் பலகையை அறைந்த ஆணித்தலை ஒன்றில் விரல் வையுங்கள். சுட்டுவிடும். பலகைக்கு நடுவில் அவ்வளவு சூடு இருக்காது. கூரைத் தகட்டின் வெப்பம் பொக்ஸ்பார் வழியாக ஆணிக்கும், ஆணி வழியாக அறைக்கும் வருகிறது. பொக்ஸ்பாரின் மேலும் ஒரு ஃபோம் பட்டி ஒட்டி, அதன்பிறகே பலகை அறைய வேண்டும். வெள்ளிப் பூச்சுள்ள தாளைத் தகட்டோடு ஒட்டவைப்பதும் வீண்வேலை. அதன் முன்னால் இரண்டு சென்ரிமீற்றராவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும்.

என் அபிப்பிராயத்தில் இங்கே சிறந்தது இரட்டைக் கூரை. வெள்ளைப் பெயின்ற் அடித்த மெல்லிய தகடொன்றை, உள்ள கூரைக்கு மேலே நாலைந்து சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். முன்னும் பின்னும் திறந்திருக்கட்டும், காற்று ஓடட்டும். வெப்ப நாடுகளுக்கென்று செய்த பழைய லாண்ட் ரோவர்களில் இதே உத்தி இருந்தது. கீழே ஒரு காற்றுத் துவாரம், மேலே கூரையில் ஒரு விசிறி. எல்லாத் துவாரத்துக்கும் நுளம்பு வலை. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளைப் படுத்தியது என்று நமக்குத் தெரியும். கூரையில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் எதையும் விடாதீர்கள்.

ஏசியை நம்பிக் கட்டுவதும் தவறு. சின்ன ஏசி ஒன்றுக்கே ஏறத்தாழ 1,000 வாற் வேண்டும். 12 வோல்ற் 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரியில் இருப்பது சுமார் 1,280 வாற் மணி. ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். அதோடு குளிர் நாட்டுக்காரர்கள் செய்வதுபோல உட்சுவரில் பொலித்தீன் விரித்து மூடினால், இங்கே ஈரம் வெளியிலிருந்து வந்து, ஏசி போட்ட குளிர்ந்த பலகைக்குப் பின்னால் தண்ணீராகப் படியும். கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்பைப் பற்றி நம் ஊர் மீனவர்களிடம் கேட்டாலே போதும். கல்வனைஸ் பண்ணிய பொக்ஸ்பாரை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அதை நன்றாகச் சுரண்டித் துத்தநாகம் கலந்த பெயின்ற் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். வெல்டிங் புகையும் உடம்புக்குக் கெடுதல், திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ற் நேரடியாகப் பட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் பிளாஸ்ரிக் வாசரோ சீலண்டோ வேண்டும். துளையிடும்போது விழும் இரும்புத்தூளைத் தகட்டின் மேல் விட்டால் ஒரே கிழமையில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். கடற்கரையிலிருந்து வந்ததும் அச்சையும் சக்கரத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சக்கரப் பெயரிங்கைக் கழற்றிக் கிறீஸ் மாற்றுங்கள்.

சீலண்ட் வாங்கும்போதும் ஒரு பிழை நடக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோனைத் திறந்தால் வினாகிரி மணம் வரும். அந்த அமிலம் கல்வனைஸ் தகட்டையும் செம்பையும் அரிக்கும். ட்ரெயிலருக்குப் பொலியூரிதேன் சீலண்ட் வாங்குங்கள். அது தகட்டோடு சேர்ந்து அசையும், பெயின்றும் அடிக்கலாம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் முன்தகடு பின்தகட்டின் மேல் இருக்க வேண்டும். மாறிப்போனால் ஓடும்போது மழைத்தண்ணீர் மூட்டுக்குள் ஏறும்.

உள்ளே பலகை அறைவதற்கு முன்னம் தண்ணீர் அடித்துப் பார்ப்பதை மறக்கவே கூடாது. ஒருவர் டோர்ச்சோடு உள்ளே, மற்றவர் ஹோஸோடு வெளியே. கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே போக வேண்டும். மேலே முதலில் அடித்தால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நமக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டும். அதற்குள் இதை முடித்துவிடுங்கள்.

மின்சாரத்தில் வயரின் தடிப்பைத்தான் பலர் கவனிப்பதில்லை. பற்றரியிலிருந்து ஐந்து மீற்றர் தூரத்தில் 10 அம்பியர் எடுக்கும் கருவிக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், போக வர 10 மீற்றரில் ஒரு வோல்றுக்கு மேல் வழியிலேயே தொலையும். பற்றரி நல்லாகத்தான் இருக்கும், பிரிட்ஜ் மட்டும் நின்று நின்று ஓடும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.3 வோல்ற் அளவுதான். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் குலுக்கத்தில் முறியும், பல இழை வயர் வாங்குங்கள். பியூஸ் பற்றரிக்கு மிகக் கிட்ட இருக்க வேண்டும். வயரை ரெஜிபோமோடு ஒட்டிப் புதைக்கவும் கூடாது. வயரின் பீவீசி உறையை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானம் ரெஜிபோமுக்குள் இறங்கிவிடும், காலம்போக உறை வெடிக்கும். குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

வீட்டிலிருந்து 230 வோல்ற் எடுப்பதென்றால் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்சும், ட்ரெயிலரின் உடம்புத் தகட்டுக்கு எர்த்தும் கட்டாயம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை அந்தத் தகட்டைத் தொடும் என்பதை மனதில் வைத்து வேலை செய்யுங்கள். சோலார் பலகையைக் கூரையோடு ஒட்டினால் 65 பாகை வரை சூடாகும், உற்பத்தியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடும். இரட்டைக் கூரையின் மேலே இடைவெளி விட்டுப் பொருத்தினால் இந்தப் பிரச்சினை குறையும். தென்னை நிழலில் நிறுத்தினால் ஒரு ஓலை நிழல்கூட உற்பத்தியை வெகுவாகக் குறைக்கும், தேங்காய் விழும் ஆபத்தும் உண்டு.

காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டரை வெளியே தனிப் பெட்டியில், அடியில் துவாரம் விட்டு வையுங்கள். சமையல் கட்டாயம் வெளியில். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் வெடித்து வீட்டுக்காரர் காயப்பட்ட நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம், இவ்வளவு சின்ன அறையில் தப்பிக்கவே இடமில்லை. மழை என்று சிரட்டைக்கரி அடுப்பை உள்ளே கொண்டுபோனால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

சரக்கு ட்ரெயிலரின் பின்கதவுப் பூட்டு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். சரக்குக்கு அது சரி. ஆட்கள் படுக்கிற இடத்தில் உள்ளிருந்து திறக்கும் வழி கட்டாயம் வேண்டும், இன்னொரு பக்கம் ஆள் வெளியேறக்கூடிய யன்னலும் வேண்டும். இதை வேலை முடிந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நிறுத்தும் இடத்துக்கும் யோசனை தேவை. கந்தளாய்க்கும் ஹபரணவுக்கும் இடையில் இருட்டியபின் நிற்க வேண்டாம். அரிசிக்கும் உப்புக்கும் யானை வீட்டுச் சுவரையே இடிக்கிறது, உங்கள் தகரச் சுவர் ஒன்றும் செய்யாது. மாரியில் வீட்டில் நிறுத்தி வைத்தாலும் கட்டி வையுங்கள். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறியது. மணிக்கு 80 கிலோமீற்றர் காற்று, 3.6 மீற்றர் நீளமும் 1.9 மீற்றர் உயரமும் கொண்ட பக்கச் சுவரை 200 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும். அச்சின் இரு பக்கமும் நிலத்தில் ஆழ அடித்த இரும்புக் கம்பிகளுக்குப் பட்டி போட்டு இறுக்குங்கள்.

இவ்வளவுக்கும் முன்னம், தகட்டில் முதல் வெட்டு வெட்டுவதற்கு முன்னமே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய், உங்கள் ட்ரெயிலரின் பதிவில் என்ன எழுதியிருக்கிறது, உடம்பை மாற்ற என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள்கள் கையில் வந்தபின் கராஜுக்குப் போனால் சரி.