மாட்டுக்கு இன்னொரு இலை சோறு வைக்கும் முன்

மாட்டுப் பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, நெற்றியில் பொட்டு வைத்து, இலையில் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டுவது மதுரைப் பக்கம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடி என்றால் ஒன்றும் ஆகாது. சிக்கல் எங்கே என்றால், தெருவில் பத்து வீடு இருந்தால் பத்து வீட்டுக்காரரும் அதே மாட்டுக்கு ஆளுக்கொரு இலை வைக்கிறார்கள், மாடும் வேண்டாம் என்று சொல்வதில்லை. மறுநாள் காலையில் அது தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், தண்ணியாகக் கழியும், பல்லை நறநறவென்று கடிக்கும். வீட்டில் கண்ணேறு பட்டுவிட்டது என்று மிளகாயைச் சுற்றிப் போடுவார்கள். கண்ணேறு இல்லை, சோறு.

இதில் அடிப்படையான தவறு ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. மாட்டின் வயிற்றையும் ஆட்டின் வயிற்றையும் நம் வயிறு மாதிரியே நினைத்துக்கொள்கிறோம். மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது வேறு மனதில் நிற்கிறது, அதனால் நாலு மடங்கு போட்டாலும் தாங்கும் என்று ஒரு எண்ணம். நாலு வயிறு கிடையாது, ஒரே வயிற்றில் நாலு அறை. ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்கிற வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்: பூத்துண்டு மாதிரி சொரசொரப்பாக இருக்கிற பெரிய பகுதி முதல் அறை, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது, புத்தகத் தாள் போல மடிப்பு மடிப்பாக இருப்பது மூன்றாவது, வழவழப்பாக இருக்கும் நான்காவதுதான் நம்முடையதைப் போல அமிலம் சுரக்கிற நிஜமான இரைப்பை.

அந்த முதல் அறையில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல உடம்புள்ள கறவை மாட்டுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே ஜீரண நீர் எதுவும் சுரப்பதில்லை. அதில் இருப்பதெல்லாம் நுண்ணுயிர்கள், ஒரு மில்லியில் ஆயிரம் கோடி அளவுக்கு. இட்லி மாவு இரவெல்லாம் புளிக்கிற மாதிரி, உள்ளே போன வைக்கோலையும் தட்டையையும் இவை புளிக்க வைத்து உடைக்கின்றன. அப்போது உண்டாகிற கொழுப்பு அமிலங்களை மாடு வயிற்றுச் சுவர் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது, அதுதான் அதற்குப் பெரும்பகுதி சக்தி. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே அடுத்தடுத்த அறைகளுக்கு நகர்ந்து செரித்துப் புரதமாகவும் ஆகிவிடுகின்றன. ஆக, நீங்கள் தொட்டியில் போடுவது முதலில் அந்த நுண்ணுயிர்களுக்கான சாப்பாடு. அவை மிஞ்சினால்தான் மாட்டுக்கு.

அசைபோடுவது இந்த ஏற்பாட்டில் பாதி வேலை. அவசரமாக விழுங்கியதை உருண்டை உருண்டையாக வாய்க்குத் திருப்பிக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் ஐம்பது அறுபது தடவை மென்று மறுபடி உள்ளே அனுப்புகிறது, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் இப்படியே போகும். நார் பொடிப்பொடியாவது ஒரு பக்கம், எச்சில் ஊறுவது இன்னொரு பக்கம். பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் அளவுக்குக்கூட எச்சில் சுரக்கும், அதில் சோடா உப்பு கலந்திருக்கும், அதுதான் முதல் அறையில் புளிப்பு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வைக்கோல் தின்றால் மெல்ல வேண்டும், மென்றால் எச்சில் ஊறும். சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது? நேராக உள்ளே போகிறது, மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஒரே ராத்திரியில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன, நார் உடைக்கிற நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகின்றன, வயிறு அசைவதை நிறுத்திக்கொள்கிறது, அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. முற்றினால் ஒன்றிரண்டு நாளில் மாடு போய்விடும்.

பொங்கல் வருஷத்துக்கு ஒரு தடவைதான். கல்யாண மண்டபம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வருகிறது. பின்பக்கம் கொட்டுகிற எச்சில் இலையில் சோறும் பாயசமும் ஜிலேபியும் ஒட்டிக்கொண்டிருக்கும், ‘வீணாகப் போவதற்கு மாடாவது தின்னட்டும்’ என்று அவிழ்த்து விடுவார்கள். அதேபோல, கழனித்தண்ணியில் முந்தின நாள் சோற்றை எல்லாம் கொட்டி வைக்கிற பழக்கம். தண்ணி கொடுங்கள், சோற்றை வடித்துவிடுங்கள். அப்படியும் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் வயிறு நிறைய வைக்கோலோ தட்டையோ தின்னட்டும், அப்புறம் கொஞ்சம். வெறும் வயிற்றில் சோறு கூடவே கூடாது.

ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனாலும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் தேதி நெருங்க நெருங்க பருத்திக்கொட்டையும் தேங்காயும் பேரீச்சம்பழமும் முட்டையும் திடீரென்று கூடிக்கொண்டே போகும். பருத்திக்கொட்டை நல்ல தீனிதான். திடீரென்று கூட்டுவதுதான் தப்பு. எந்தத் தீனியை மாற்றினாலும் உள்ளே இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டமும் அதற்கேற்ப மாற வேண்டும், அதற்கு ரெண்டு மூன்று வாரம் பிடிக்கும். வாடிவாசலுக்கு முந்தின வாரம் போட்டு வாடிவாசலில் பலம் வராது.

ஆட்டிலும் இதே கதை நடக்கிறது. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடா பிடித்து வருவோம். நாளெல்லாம் பட்டினி கிடந்த ஆடு, பாவம் என்று வீட்டுக்கு வந்ததும் கம்பையும் அரிசியையும் ஒரு படி அள்ளி வைப்போம். முதலில் தண்ணியும் தழையும்தான் வைக்க வேண்டும், தானியத்தைச் சில நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பட்டியில் இருப்பதிலேயே கொழுகொழுவென்று இருக்கிற குட்டி ராத்திரியோடு ராத்திரியாகத் துள்ளி விழுந்து சாவதைத் துள்ளுமாரி என்போம் அல்லவா, அதற்குக் காரணமான கிருமி சாதாரணமாகவே ஆட்டின் குடலில் இருப்பதுதான். தானியமோ மழைக்கு முளைத்த இளம்புல்லோ திடீரென்று அதிகமாக உள்ளே போகும்போது அது பெருகி நஞ்சைக் கக்குகிறது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடலாம்.

சந்தையில் இன்னொன்றும் காதில் விழும்: ‘மேல் பல்லே இல்லை, கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறான்.’ ஆடு, மாடு, எருமை எதற்குமே மேல் தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான் இருக்கும். வயதைப் பார்க்க வேண்டியது கீழ்ப்பல்லில்.

எதெல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும் என்பதிலும் குழப்பம் உண்டு. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, புள்ளிமான், காட்டுமாடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அசைபோடுபவை. குதிரை, கழுதை, யானை, பன்றி அசைபோடுவதில்லை. புல் தின்கிற எல்லாமே அசைபோடும் என்று நினைப்பது தப்பு. குதிரைக்கும் யானைக்கும் நார் புளிப்பது வயிற்றைத் தாண்டி, பின்னால் பெருங்குடல் பக்கம். முயல் வாயை ஆட்டிக்கொண்டே இருப்பதால் அதையும் சேர்த்துவிடுகிறார்கள், அதுவும் கிடையாது. ஒட்டகம் அசைபோடும், ஆனால் அதற்கு மூன்றே அறைதான்.

இந்த வேறுபாடு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரிச் சோளம் போடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இளம்பயிராக இருக்கும்போதும், மழை இல்லாமல் வாடி நிற்கும்போதும், அறுத்த தாளில் மறுபடி துளிர்க்கும்போதும் சோளத்தில் சயனைடு உண்டாக்குகிற பொருள் அதிகமாக இருக்கும். முதல் அறையின் நுண்ணுயிர்கள் அதைச் சட்டென்று உடைத்து நஞ்சை வெளியே விட்டுவிடுகின்றன, அதனால்தான் குதிரையைவிட மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதில் ஆபத்து அதிகம். மேய்ந்த இடத்திலேயே நிமிஷக்கணக்கில் விழும். பூ எடுத்த பிறகு மேய விடுங்கள், அல்லது அறுத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

யூரியாவும் அப்படித்தான். வைக்கோலைச் சத்தாக்க யூரியா சேர்ப்பது ஒரு முறை: நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பது. அளவாகக் கொடுத்தால் நுண்ணுயிர்கள் அதிலிருந்தே புரதம் செய்துகொள்ளும். அதே யூரியா மொத்தமாகப் போனால் அம்மோனியாவாக மாறி ரத்தத்தில் ஏறிக் கொன்றுவிடும். கண்ணளவாகத் தவிட்டில் கலப்பது, உரம் கரைத்த வாளியைக் கழுவாமல் அதிலேயே தண்ணி காட்டுவது, காலி உரச்சாக்கை ஆடு நக்கும்படி போட்டு வைப்பது, இதெல்லாம் வேண்டாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் சாணியோடு வந்துவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வராது. முதல் அறையிலிருந்து பொடியானதுதான் அடுத்த அறைக்கு நகரும், கேரிப்பை பொடியாவதில்லை, அங்கேயே சுருண்டு கிடக்கும், அதன் மேல் இன்னொன்று சேரும். மதுரைத் தெருக்களில் திரிகிற மாடு வயிறு புடைத்துக் கொழுத்த மாதிரி தெரிந்தாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். காய்கறிக் கழிவைப் பையோடு முடிச்சுப் போட்டு வைப்பதைவிட, தரையில் கொட்டிவிட்டுப் பையை எடுத்துப் போவது மேல். ஆணி, கம்பித் துண்டு கிடக்கிற இடத்தில் இன்னும் மோசம். இவை இரண்டாவது அறையில் தங்கும், அதற்கு ஒட்டினாற்போல முன்னால் இருப்பது இதயம்.

அடுத்தது வைத்தியம், பாதி உயிர் போவது இதில்தான். வயிறு உப்பினால், அதாவது இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடு தட்டினால், நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி, பாட்டிலைச் செருகி எண்ணெயையோ கஷாயத்தையோ கடகடவென்று ஊற்றுகிறோம். நாக்கு இழுபட்டிருக்கும்போது விழுங்க முடியாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம் உப்புசம் வடிந்தும் நிமோனியாவில் சாகும். படுத்த மாட்டை ஒருக்களித்துக் கிடக்க விடாதீர்கள், வாயு ஏப்பமாக வெளியேற வழி அடைபடும். வைக்கோல் மூட்டையை அண்டை கொடுத்து நெஞ்சில் ஊன்றி உட்கார வையுங்கள், நிற்க முடிந்தால் முன்கால் மேடான பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். மெடிக்கலில் நமக்கு வாங்கின ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்து வாய்வழியாகக் கொடுப்பதும் கூடாது, உள்ளே இருக்கிற நுண்ணுயிர்ப் படையையே அது அழித்துவிடும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கு நேர் எதிரானதைச் செய்வார்கள்: நல்ல மாட்டின் முதல் அறை நீரை எடுத்து நோயாளி மாட்டுக்குக் கொடுப்பார்கள்.

கன்று விஷயம் கொஞ்சம் வேறு. பிறந்த கன்றுக்கு அந்த முதல் அறை இன்னும் வேலைக்கு வரவில்லை, ஊட்டும் பால் ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காவது அறைக்குப் போய்விடும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று இன்னும் காக்க வைக்கிறார்கள் பாருங்கள், அதை நிறுத்தினாலே பல கன்றுகள் பிழைக்கும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் ஒரு நாள் மட்டும்தான் உறிஞ்சும், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக. எழுந்து நின்றதும் மடியில் விடுங்கள். கொஞ்ச நாளில் அது வைக்கோலைக் கொறிக்க ஆரம்பிக்கும், தடுக்க வேண்டாம்.

பால் குறைந்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிடுகிறோம். அதற்கு முன்பே மாடு சொல்லிவிடுகிறது: அசைபோடுவதை நிறுத்தும். தீனி தின்று நிழலில் படுத்திருக்கிற மந்தையில் பாதிக்கு மேல் வாய் அசைந்துகொண்டிருக்க வேண்டும். இடது விலாப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பாருங்கள், நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து அலை மாதிரி தள்ளும். தள்ளவில்லை, அசையும் போடவில்லை என்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. டாக்டர் வந்ததும் கடைசியாக என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சங்கடப்படுவாரே என்று மண்டபத்துச் சோற்றை மறைத்துவிட்டு ‘வழக்கம்போல வைக்கோல்தான் சார்’ என்றால், அவர் வேறு நோய்க்கு ஊசி போட்டுவிட்டுப் போவார்.