சயாம் மரண ரயில் பாதையில் குழு நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகும் சுற்றுலாக் குழுக்கள் பல, ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டதும் மரண ரயிலைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகின்றன. அந்தப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. நடந்து பார்க்க வேண்டியது ரயில் ஓடாத பகுதியை. வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி ரயிலுக்காகப் பாறையைப் பிளந்த ஹெல்ஃபயர் பாஸ் என்ற வெட்டும், அதையொட்டிக் காட்டுக்குள் நீளும் பழைய பாதையும் இருக்கின்றன.

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. ரயில் அங்கேயே கொண்டுபோய் விடும் என்று நினைக்கிறார்கள். அது ‘நாம் தோக்’ என்ற நிலையத்தோடு நின்றுவிடும். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் பர்மாவின் தன்பியூசயாட் வரை போட்ட 415 கிலோமீட்டரில் இன்று ஓடுவது இந்தத் தாய்லாந்துத் துண்டு மட்டும்தான். அதற்கு மேல் வேன் வேண்டும். திரும்புவதற்கும் சேர்த்துப் பேசிவையுங்கள்.

‘ரயில் பாதைதானே, சமதளமாகத்தான் இருக்கும்’ என்பது அடுத்தது. பாதி உண்மை. செங்குத்தான மேட்டில் நீராவி எஞ்சின் ஏறாது என்பதால் பாதை சீராகவே வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஓடைகளின் மேல் நின்ற மரப் பாலங்கள் இப்போது இல்லை. பாலம் இருந்த இடங்களில் பள்ளத்துக்குள் இறங்கித்தான் மறுபக்கம் ஏற வேண்டும். ஹெல்ஃபயர் பாஸ் அருங்காட்சியகத்திலிருந்து பாதைக்கு இறங்கவே படிகள் ஏராளம். இறங்கும்போது பேசிச் சிரித்த கூட்டம், நண்பகலில் ஏறும்போது வாய் திறப்பதில்லை. காலடியில் ஜல்லிக்கல் வேறு. ரப்பர் செருப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கணுக்கால்தான் கண்ணில் படும். முழங்கால் வலி உள்ளவர்கள் பாறை வெட்டு வரை போய்த் திரும்பினாலே போதும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மார்ச் முதல் மே வரை வெயில் கடுமை. காலையில் திறந்தவுடன் நடையைத் தொடங்குங்கள். மழைக்காலமானால் பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழு நடையைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம். முன்னால் போகிறவர்கள் வெட்டுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி பேசத் தொடங்கிவிடுவார். பின்தங்கியவர்கள் வந்து சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். கடைசி ஆளாக வர ஒருவரை நியமித்துவிட்டு, அவர் வந்த பிறகே பேசும்படி வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 25 மீட்டர் உயரப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு கைப்பேசிப் பாட்டு எல்லோர் காதிலும் விழும். பக்கத்தில் நிற்பவர் இங்கே உழைத்த தன் தாத்தாவின் படத்தைக் கையில் வைத்திருக்கலாம். பாறையில் துளையிட்ட தடங்களில், இறந்தவர்களின் நினைவாக வருகிறவர்கள் சிறு கொடிகளையும் சிலுவைகளையும் செருகிவிட்டுப் போகிறார்கள். எடுக்காதீர்கள், படத்துக்காக நகர்த்தவும் செய்யாதீர்கள். துருப்பிடித்த ஆணி கிடைத்தாலும் பைக்குள் போடாதீர்கள்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. வழிகாட்டி போர்க்கைதிகளின் கதையோடு நிறுத்திக்கொள்வார், நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். சுமார் 60,000 நேச நாட்டுக் கைதிகள் இந்தப் பாதையில் உழைத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைப் போல் சில மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். கைதிகளிடையே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுக்கோப்பும் இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு இரண்டும் இல்லை. 1943இல் காலரா பரவியபோது அவர்களுடைய முகாம்கள் நிலைகுலைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு உறுதியான கணக்கே கிடையாது.

இதற்கு நேர் எதிரான தவறையும் நம்மவர்கள் செய்கிறார்கள். ஹெல்ஃபயர் பாஸை வெட்டியதே தமிழர்கள்தான் என்று அங்கேயே உரக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த வெட்டில் 1943 ஏப்ரல் முதல் சுமார் மூன்று மாதம், இரவில் தீப்பந்த வெளிச்சத்திலும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். தமிழர்கள் இந்த 415 கிலோமீட்டரில் பல முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். ‘எங்கள் ஆட்கள் எந்த முகாம்களில் இருந்தார்கள்?’ என்று வழிகாட்டியிடம் நடைக்கு முதல் நாளே கேளுங்கள். நல்ல வழிகாட்டி படித்துவிட்டு வருவார்.

காஞ்சனபுரிக்குத் திரும்பியதும் எல்லோரும் போர்க் கல்லறைக்குப் போவார்கள். வரிசை வரிசையாக, ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள். ஆனால் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்த விகாரையை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவிடமும், 2023இல் தமிழர்களுக்காக எழுப்பப்பட்ட நடுகல்லும் அங்கேதான் இருக்கின்றன. வழக்கமான சுற்றுலாத் திட்டத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது; காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.